திருச்சிராப்பள்ளியை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

வெளிநாடு போகிறவர்களின் பிறப்பு, திருமண, வாரிசுச் சான்றிதழ்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் தங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பார்கள். ஊர்ப் பெயரை மட்டும் "அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் சார்" என்று விட்டுவிடுவார்கள். வில்லங்கம் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

முதலில் எழுத்துகள். டி, ஐ, ஆர், யு, சி, எச், ஐ, ஆர், ஏ, பி, பி, ஏ, எல், எல், ஐ. மொத்தம் பதினைந்து. தொடக்கத்தில் டி-க்குப் பக்கத்தில் எச் கிடையாது. பி இரண்டு, எல் இரண்டு. ரயில்வேக்காரர்கள் மட்டும் சி-எச்சை இரட்டித்து எழுதும் பழக்கம் உள்ளவர்கள். அதைப் பார்த்து நீங்களும் இரட்டிக்காதீர்கள்.

"தஞ்சாவூருக்கு எச் இருக்கிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. தூத்துக்குடிக்கும் இருக்கிறது. திருநெல்வேலிக்கும் திருவண்ணாமலைக்கும் இல்லை. திருவாரூரை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். இதில் இலக்கணம் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். ஒரே முகவரியில் தில்லை நகருக்கு எச் போட வேண்டும், அடுத்த வரியில் ஊர்ப் பெயருக்குப் போடக் கூடாது. உறையூருக்கோ முன்னால் ஒரு டபிள்யூ நிற்கும். யார் சேர்த்த டபிள்யூவோ, அஞ்சல் முகவரியில் அது ஊன்றிவிட்டது. 620003 என்ற பின்கோடுக்கு மேலே அதை அப்படியே எழுதிவிடுங்கள்.

அடுத்து, எந்தப் பெயர் எங்கே. பேச்சில், கடைப் பலகையில், பஸ்ஸில், விளம்பரத்தில் 'திருச்சி' போதும். தேசியத் தொழில்நுட்பக் கழகத்தை ஊரே என்ஐடி திருச்சி என்றுதான் சொல்கிறது. ஆனால் அங்கே படித்தவருக்குப் பட்டச் சான்றிதழில் இருப்பது முழுப் பெயர். விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயர் கேட்டால் சான்றிதழில் உள்ளபடிதான் நிரப்ப வேண்டும். ஆவணம் என்று வந்துவிட்டால் சுருக்கத்துக்கு இடமில்லை. துறையூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர், கணவரிடம் சிங்கப்பூர் போக வேண்டியவர், வேறெங்கோ மொழிபெயர்த்த திருமணச் சான்றிதழுடன் வந்தார். அதில் 'திருச்சி', பாஸ்போர்ட்டில் 'திருச்சிராப்பள்ளி'. இரண்டும் ஒரே ஊர்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கேட்டவர் இந்த ஊரைப் பார்த்திராதவர். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, மொழிபெயர்ப்பையும் புதிதாகச் செய்து அனுப்பினோம்.

பழைய சான்றிதழ்களில்தான் கவனம் அதிகம் தேவை. கரூரும் பெரம்பலூரும் 1995இல்தான் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன் கரூரில் பிறந்தவரின் சான்றிதழில் மாவட்டம் திருச்சிராப்பள்ளி என்றே இருக்கும். அரியலூர்க்காரர்களுக்கும் அப்படியே. "இப்போது கரூர் மாவட்டம்தானே, மாற்றிப் போடுங்கள்" என்பார்கள். மாற்றக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் மாவட்டம் பிரிக்கும் அதிகாரி அல்லர். மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதி, அடியில் 'மொழிபெயர்ப்பாளர் குறிப்பு' என்று தலைப்பிட்டு, இன்றைய மாவட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். முத்திரையில் உள்ள எழுத்துகளுக்கும் இதே விதி. முத்திரை ஆங்கிலத்தில் இருந்தால், அதிலுள்ள ஊர்ப் பெயர் எவ்வளவு பழையதாக இருந்தாலும் கை வைக்காதீர்கள்.

சென்னை விஷயம் இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்ற பெயரை 1996இல் சென்னை ஆக்கினார்கள். தமிழில் அதற்கு முன்பே சென்னை என்றுதான் எழுதிவந்தோம். ஆகவே 1985ஆம் ஆண்டுத் தமிழ்ச் சான்றிதழில் 'சென்னை' என்று இருந்தால் நான் சென்னை என்றே எழுதுகிறேன். உயர் நீதிமன்றம் மட்டும் விலக்கு. நம் மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகின்றன. அந்தத் தீர்ப்பின் தலைப்பில் தமிழில் 'சென்னை உயர் நீதிமன்றம்' என்று இருந்தாலும், ஆங்கிலத்தில் அதன் சட்டப்பூர்வமான பெயர் இன்றும் மெட்ராஸ் உயர் நீதிமன்றம்தான்.

'டிரிச்சினோபொலி' என்ற பழைய பெயரைப் புது ஆவணத்தில் எழுதாதீர்கள். ஆனால் மறந்தும் விடாதீர்கள். தாத்தாவின் நிலப் பத்திரத்தையோ 1907இல் வெளியான மாவட்ட கெசட்டியரையோ தேடும்போது இந்தப் பெயரைத் தட்டச்சு செய்தால்தான் கிடைக்கும். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அடையாளம் காணும் சுருட்டு நம்மூர்ச் சுருட்டுதான். அங்கும் இந்தப் பெயர்தான். கடைசியில் வரும் 'பொலி' கிரேக்கத்தில் நகரத்தைக் குறிக்கும் சொல் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது வெறும் 'பள்ளி'. ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆயிற்று.

பெயரின் பொருளை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால், அதாவது திருமண மலரிலோ சுற்றுலாக் கையேட்டிலோ, 'மூன்று தலை அசுரனின் ஊர்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். திரிசிரன் சிவனை வழிபட்ட கதை தலபுராணத்தில் இருக்கிறது. அதைத் தலபுராணம் என்று குறிப்பிட்டே எழுதுங்கள். சிரா என்ற சமணத் துறவியின் பள்ளி என்பது இன்னொரு விளக்கம். மலைக்கோட்டைக் குன்றில் சமணர் படுக்கைகள் இருப்பதால் எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. தேவாரத்தில் சம்பந்தர் 'சிராப்பள்ளி' என்றே பாடுகிறார். 'திரு' மரியாதைக்குச் சேர்ந்தது.

கணினியின் ஒலிபெயர்ப்பை நம்பாதீர்கள். தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் கோயம்புத்தூரைக் கே எழுத்தில் தொடங்கி நீட்டி முழக்கும். 2020 ஜூனில் அரசே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தை அந்தப் பாணியில் மாற்றி ஆணை வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அது நிலைத்திருந்தால் என் மேசையில் எவ்வளவு பிரமாணப் பத்திரம் குவிந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

டிக்கெட் எடுக்கும்போது எழுத்துக் குழப்பமே வேண்டாம். ரயிலுக்கு டி.பி.ஜே., விமானத்துக்கு டி.ஆர்.இசட். என்ற குறியீடு போதும். மொழிபெயர்ப்புக்கு வரும்போது மூலச் சான்றிதழோடு பாஸ்போர்ட் நகலையும் கொண்டுவாருங்கள். பிறந்த ஊர் இருக்கும் முதல் பக்கம் மட்டும் போதாது. முகவரி இருக்கும் கடைசிப் பக்கமும் வேண்டும்.