லேசரால் செயற்கைக்கோளின் தூரத்தை அளப்பது எப்படி?

தரையிலிருந்து ஒரு லேசர் துடிப்பை, அதாவது கண நேர ஒளி வெட்டை, அனுப்புகிறோம். செயற்கைக்கோளில் பதித்த பிரதிபலிப்பான் அதைத் திருப்பிவிடுகிறது. போய்வர ஆன நேரம் தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும். 1964 முதல் நடக்கும் வேலை இது. கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே கணக்குப் போடலாம்.

படி 1: இலக்கு

1976இல் நாசா ஏவிய லேஜியோஸ்-1ஐ எடுத்துக்கொள்வோம். 60 செ.மீ. விட்டமுள்ள உலோக உருண்டை. மின்கலமோ கருவியோ எதுவும் கிடையாது; மேலெல்லாம் 426 பிரதிபலிப்பான்கள், அவ்வளவுதான். இரண்டு சுவரும் தரையும் சேரும் அறை மூலையைப் போல, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் ஒவ்வொன்றிலும் உண்டு. சாய்வாக வந்த ஒளியும் வந்த திசைக்கே திரும்பும். சைக்கிள் ரிஃப்ளெக்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

படி 2: நேரம்

பல நிலையங்களில் 532 நானோமீட்டர் பச்சை லேசர்தான். துடிப்பு கிளம்பிய கணத்தையும் திரும்பிய கணத்தையும் கடிகாரம் பதிகிறது. திரும்பி வருவது சில போட்டான்களே (ஒளித்துகள்களே), சமயத்தில் ஒன்றே ஒன்று. அதைத் தொலைநோக்கி பிடித்துவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். இங்கே ஒரு நானோவினாடி (வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பிசகினால் தூரத்தில் 15 செ.மீ. பிசகும்.

படி 3: பெருக்கல்

நேரம் 0.04 வினாடி என்று வையுங்கள். ஒளியின் வேகமான வினாடிக்கு 29,97,92,458 மீட்டரால் பெருக்கி, போய்வந்த தூரம் என்பதால் பாதியாக்குங்கள். 59,95,849.16 மீட்டர், அதாவது ஏறக்குறைய 5,996 கி.மீ.

படி 4: திருத்தம்

பலர் முந்தைய படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மில்லிமீட்டர் துல்லியம் கிடைப்பது இங்கேதான், அவசரப்படாதீர்கள்.

காற்று ஒளியைச் சற்றே தாமதப்படுத்துவதால் தூரம் கூடுதலாகத் தெரியும். கடல்மட்ட நிலையத்தில், செயற்கைக்கோள் தலைக்கு நேர்மேலே இருந்தால் சுமார் 2.4 மீட்டர் கழிக்க வேண்டும். அடிவானத்தை நோக்கி இறங்க இறங்க இன்னும் அதிகம். அதனால்தான் ஒவ்வொரு நிலையமும் காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் கூடவே அளக்கிறது.

அப்புறம் கருவியின் சொந்தத் தாமதம். தூரம் முன்பே தெரிந்த தரை இலக்கு ஒன்றை அளந்து, எவ்வளவு கூடுதலாகக் காட்டுகிறதோ அதையும் கழியுங்கள்.

கடைசியாக ஒரு கூட்டல். நமக்கு வேண்டியது உருண்டையின் மையம் வரையுள்ள தூரம். ஒளியோ விளிம்பருகிலேயே திரும்பிவிடுகிறது. ஆரம் 30 செ.மீ. என்றாலும், ஒளி பிரதிபலிப்பானின் கண்ணாடிக்குள் புகுந்து திரும்புவதாலும், பல பிரதிபலிப்பான்களிலிருந்து சேர்ந்து வருவதாலும், கூட்ட வேண்டியது 25.1 செ.மீ.தான்.

சரி, இனி நீங்களே ஒன்று போடுங்கள். 1969இல் அப்பல்லோ 11 நிலாவில் வைத்த பிரதிபலிப்பானுக்கு அனுப்பிய துடிப்பு 2.56 வினாடியில் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். திருத்தங்களுக்கு முன் 3,83,734 கி.மீ. வருகிறதா, பாருங்கள்.