குக்கின் நாட்குறிப்பைப் பென்சிலும் வரைபடமுமாகப் படிப்பது எப்படி

ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் முதல் பயணத்தைப் படிக்க நினைத்தால், கையில் இருப்பது யார் எழுதியது என்று முதலில் பாருங்கள். 1773-இல் வெளிவந்த நூலை எழுதியவர் குக் அல்ல, ஜான் ஹாக்ஸ்வொர்த். குக்கின் குறிப்புகளையும் கூடவே போன ஜோசப் பேங்க்ஸின் குறிப்புகளையும் கலந்து, எல்லாவற்றையும் குக்கே 'நான்' என்று சொல்வதுபோல் எழுதிவிட்டார். ஓட்டமாகப் படிக்கலாம், ஆனால் எது யார் பேச்சு என்று பிரிக்க முடியாது. குக்கின் சொந்த நாட்குறிப்பு 1893-இல்தான் அச்சுக்கு வந்தது. அதையே எடுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். 1768 ஆகஸ்டில் பிளிமத்தை விட்ட பிறகு வாரக்கணக்கில் காற்றும் திசையும் தூரமும்தான். நான் யாருக்கும் 1770 ஏப்ரலில், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை தென்படும் இடத்திலிருந்து ஆரம்பிக்கத்தான் சொல்வேன்.

அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கப்பலில் நாள் நண்பகலில் பிறக்கும். அதனால் ஒவ்வொரு தேதியிலும் பிற்பகலும் இரவும் முதலில் வரும், காலை அப்புறம்தான் வரும். அடுத்தது தீர்க்கரேகை. குக் கிரீன்விச்சிலிருந்து மேற்காகவே எண்ணிக்கொண்டு போகிறார். ஆஸ்திரேலியக் கரையில் முதலில் இறங்கிய பாட்டனி விரிகுடாவுக்கு 208 பாகை 37 கலை மேற்கு (ஒரு பாகைக்கு 60 கலை) என்று எழுதியிருப்பார். 360-இலிருந்து கழியுங்கள்: 151 பாகை 23 கலை கிழக்கு. வரைபடத்தில் அதைக் குறித்துப் பாருங்கள், உண்மையான இடத்துக்குக் கால் பாகைகூட வித்தியாசம் இருக்காது. கடிகாரத்தை நம்பாமல் நிலாவையும் வானத்தையும் அளந்து கணக்கிட்ட காலம் அது! எனக்கு இன்றும் பிரமிப்பு தீரவில்லை.

ஜூன் 11-ஐ மட்டும் மெதுவாகப் படியுங்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். பத்து மணிக்கு முன் 20, 21 பாகம். பதினொன்றுக்குச் சில நிமிடம் இருக்கும்போது 17. ஒரு பாகம் ஆறு அடி என்பதால், அது நூறு அடித் தண்ணீர். குண்டை மறுபடி எறிவதற்குள் கப்பல் பவளப்பாறையில் ஏறி நின்றுவிடுகிறது. ஆறு பீரங்கிகள் உட்பட சுமார் 50 டன் எடையைக் கடலில் தள்ளுகிறார்கள். மீண்டும் மிதந்ததும், கம்பளியும் நார்ப்பஞ்சும் அப்பிய பாயை அடியில் இழுத்து ஓட்டையை மூடுகிறார்கள். ஆற்றங்கரையில் ஏற்றிப் பார்த்தபோதுதான் தெரிகிறது, ஒரு பவளத்துண்டு உடைந்து ஓட்டையிலேயே சிக்கி, தண்ணீரைத் தடுத்திருக்கிறது.

இந்த இடத்தில் பேங்க்ஸின் நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குக் தண்ணீர் ஏறும் அளவை எழுதிக்கொண்டிருக்கிறார். பேங்க்ஸோ கப்பல் போய்விட்டது என்று முடிவுகட்டி, காப்பாற்றக்கூடியதை மூட்டை கட்டுகிறார். ஒரே இரவுதான். ஹாக்ஸ்வொர்த் இந்த இரண்டு மனிதர்களையும் ஒருவராக்கிவிட்டாரே என்பதுதான் என் ஆற்றாமை.

கரையில் இருந்தவர்கள் வரும் வரிகளுக்கு ஓரத்தில் கோடு போடுங்கள். பாட்டனி விரிகுடாவில் இறங்கவிடாமல் நின்ற இருவரை நோக்கிக் குக் துப்பாக்கியால் சுடுகிறார். ஜூலையில், தங்கள் கடலில் குக்கின் ஆட்கள் பிடித்த ஆமைகளில் ஒன்றைக் கேட்டுக் கிடைக்காத, அந்த ஆற்றங்கரையின் பூர்வகுடிகளான கூகு யிமிதிர் மக்கள், முகாமைச் சுற்றியிருந்த புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். குக் எழுதுவது ஒரு தரப்புதான். ஆனாலும் பார்த்ததைப் பெரும்பாலும் அப்படியே எழுதுகிற மனிதர் என்பதால், மறு தரப்பின் நியாயம் அவர் வரிகளிலேயே தெரியும்.

இதை முடித்தபின் 1768-க்குத் திரும்புங்கள். அந்தக் காற்றும் திசையும் இப்போது அலுக்காது.