மலைக்குளிரில் டார்ச் அணையாமல் இருக்க: வட்டவடைக் காவல் பரணில் கற்றது

தை மாதம் வந்தால் இடுக்கி மலையிலுள்ள எங்கள் வட்டவடையில் விடியற்காலைப் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் காவல் வேண்டிய நாட்களும் அவைதான். பாம்பாடும் சோலைக் காட்டுப் பக்கமிருந்து காட்டுமாடுகள் இறங்கும். சில இரவுகளில் யானை வரும். பரணில் படுத்திருப்பவனுக்குக் கம்பளிக்கு அடுத்தபடி டார்ச்தான் துணை. அந்த டார்ச் இரவு இரண்டு மணிக்கு மேல் மங்கி மங்கி அணைந்துபோவது எனக்கு இரண்டு பருவம் நீடித்த தொல்லை. ஒருமுறை பாத்திக்கு நடுவில் காட்டுமாட்டின் கண்கள் பச்சையாக மின்னின. அடுத்த நொடி வெளிச்சமே இல்லை. கல்வரப்பைக் கையால் தடவித் தடவிப் பரணுக்கு வந்து சேர்ந்தேன்.

அன்று வரை நான் செய்தது ஒன்றுதான்: அணைந்த கட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியவை வாங்குவது. (ஏஏ அளவு பேட்டரியை எங்கள் பக்கம் கட்டை என்றே சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) ஒதுக்கி வைத்திருந்த இரண்டு கட்டைகளை மறுநாள் மதியம் என் மகள் எடுத்து டார்ச்சில் போட்டு அழுத்தினாள். புதியது போல எரிந்தது. பக்கத்து நிலத்து மாமாவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "கட்டை சாகவில்லை தம்பி, விறைத்திருக்கிறது. மடியில் வைத்துக்கொள்" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டு ஒழுங்காகச் செய்ய எனக்கு இன்னொரு பருவம் தேவைப்பட்டது.

ரேடியோ கட்டைகளை நம் வீடுகளில் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டது நினைவிருக்கிறதா? அதிலும் இதே உண்மை இருக்கிறது. கட்டைக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அந்த வினை மெதுவாகும், உள்ளேயிருக்கும் மின்பகுளி என்னும் வேதிக் கரைசலில் அயனிகள் (மின்னூட்டமுள்ள துகள்கள்) நகரத் திணறும், கட்டையின் உள்தடை, அதாவது மின்னோட்டத்தைக் கட்டை தனக்குள்ளேயே தடுக்கும் அளவு, ஏறும். புதிய ஏஏ அல்கலைன் கட்டைக்கு அறை வெப்பத்தில் உள்தடை சுமார் 0.15 முதல் 0.3 ஓம். ஓர் ஆம்பியர் இழுக்கும் டார்ச்சில் 0.3 ஓம் என்றால் 0.3 வோல்ட் கட்டைக்குள்ளேயே போய்விடும். குளிரில் தடை இரட்டித்தால் போவது 0.6 வோல்ட். 1.5 வோல்ட் கட்டை டார்ச்சுக்கு 0.9 வோல்ட் மட்டும் கொடுக்கும். சரக்கு உள்ளேயே இருக்கிறது, வெளியே வர முடியவில்லை.

1. சரியான கட்டையை வாங்குங்கள்

பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான துத்தநாகக் கார்பன் கட்டைகளைக் காவலுக்கு எடுத்துப் போகாதீர்கள். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் அவை போதும். குளிரில் முதலில் படுத்துவிடுபவை அவைதான். அல்கலைன் அதைவிட மேல், ஆனாலும் நீர் கலந்த மின்பகுளி என்பதால் உறைபனி இரவில் தளரும்.

என் தேர்வு, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. உள்தடை குறைவு, குளிரைத் தாங்கும். 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம். டார்ச் இழுக்கும்போது அந்த 1.2 பெரிதாக இறங்காமல் நிற்கும்; அல்கலைனின் 1.5 சரிந்துகொண்டே போகும். எனலூப் போல, சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் மெதுவாகவே குறையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நான் நான்கு கட்டைகளை வைத்து மூன்றாவது பருவத்தை ஓட்டுகிறேன்.

செலவுக்கு அஞ்சாதவர்கள் ஏஏ அளவில் வரும் 1.5 வோல்ட் லித்தியம் கட்டை வாங்கலாம். எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் கழித்தல் 40 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும் என்று தயாரிப்பாளரே குறித்திருக்கிறார். எங்கள் மலைக்கு அது தேவைக்கும் அதிகம். எடையும் அல்கலைனைவிடக் குறைவு. ஆனால் சார்ஜ் செய்ய முடியாது. அவசரத்துக்கென்று ஒரு ஜோடி மட்டும் பையில் வைத்திருக்கிறேன்.

மூன்று சிறிய ஏஏஏ கட்டைகளைப் பிளாஸ்டிக் கூட்டில் அடுக்கிப் போடும் டார்ச் வேண்டவே வேண்டாம். சிறிய கட்டை சீக்கிரம் விறைக்கும். கூட்டின் தகடுகளும் இருட்டில் பிசகும்.

2. மீட்டரை அப்படியே நம்பாதீர்கள்

நான் இடறியது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டார்ச் அணைந்ததும் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையும் 1.4 வோல்ட் காட்டியது. கட்டை நன்றாக இருக்கிறது, டார்ச்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, ஒரே பருவத்தில் இரண்டு டார்ச் மாற்றினேன். இரண்டும் அதேபோல் அணைந்தன.

மீட்டர் கட்டையிலிருந்து மின்னோட்டம் எதையும் இழுப்பதில்லை என்றே சொல்லலாம். இழுக்காதபோது உள்தடை தன் வேலையைக் காட்டாது. மாட்டைத் தொழுவத்தில் நிறுத்திவைத்து அதன் இழுவைத் திறனை அளக்க முடியுமா? பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

பழைய டார்ச்சின் 2.5 வோல்ட் குண்டு பல்பு ஒன்றை எடுத்து, கட்டையின் இரு முனைகளிலும் கம்பியால் தொடவையுங்கள். பல்பு மங்கலாக எரியும். எரியும்போதே மீட்டரை வையுங்கள். பரணில் குளிர்ந்து கிடக்கும்போது ஒருமுறை, அரைமணி நேரம் சட்டைக்குள் வைத்திருந்த பிறகு ஒருமுறை அளந்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சூடேறியதும் அளவு மேலே வந்தால் கட்டை விறைத்துத்தான் இருந்தது. சூடேறிய பிறகும் அல்கலைன் கட்டை 1.1 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அது உண்மையாகவே தீர்ந்துவிட்டது. இந்தச் சோதனை முதல் பருவத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தால் அந்த இரண்டு டார்ச்சும் வாங்கியிருக்க மாட்டேன்.

3. கட்டை உடம்போடு இருக்க வேண்டும்

இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று டார்ச்சில், மற்றது உடம்பில். உடம்பில் என்றால் ஸ்வெட்டருக்கு வெளியே இருக்கும் பையில் அல்ல. முதல் வாரம் முழுதும் அங்கேதான் வைத்திருந்தேன்; கட்டை டார்ச்சிலிருந்ததைப் போலவே சில்லிட்டுப் போனது. உள்சட்டைப் பையில், கம்பளிக்கும் ஸ்வெட்டருக்கும் உள்ளே, நெஞ்சை ஒட்டி இருக்க வேண்டும். வெளிச்சம் மங்கியதும் மாற்றுங்கள். எடுத்த ஜோடியை அதே பையில் போடுங்கள். முக்கால் மணி நேரத்தில் அது திரும்ப வேலைக்கு வந்துவிடும். இப்படி மாற்றி மாற்றி விடியும்வரை ஓட்டலாம்.

சில்லறைக் காசோ சாவியோ இருக்கும் பையில் கட்டையைப் போடாதீர்கள். இரு முனைகளையும் உலோகம் இணைத்தால் கொதிக்கும். சிறிய பிளாஸ்டிக் டப்பி ஒன்று போதும்.

டார்ச்சையும் திறந்த பலகையில் வைக்காமல் கம்பளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய உடம்பு குளிரைச் சட்டென்று உள்ளே கடத்திவிடும். அதன் மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டியிருக்கிறேன். அது சூட்டைத் தராது, இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். பனியில் கை வழுக்காமலும் இருக்கும்.

4. பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள்

கம்பளிக்குள் டார்ச் தானாக அழுந்தி எரிந்துகொண்டே இருக்கும். அதுவும் கட்டையைக் குடிக்கும், குற்றம் குளிர் மேல் விழும். மெல்லத் தொட்டாலே எரியும் மின்னணு சுவிட்ச் உள்ள டார்ச்சுகள் அணைத்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரம் இழுக்கும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பல டார்ச்சுகளில் இணைப்பு அறுந்துவிடும். உங்கள் டார்ச்சில் அறுகிறதா என்று பகலில் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தையும் குறைத்தே வையுங்கள். இழுப்பு குறைந்தால் உள்தடையில் போவதும் குறையும். சத்தம் கேட்டால் மட்டும் முழு வெளிச்சம்.

5. வீட்டுக்கு வந்த பிறகு

விறகடுப்பு எரியும் அடுக்களைக்குள் சில்லிட்ட டார்ச்சைக் கொண்டுபோனால் கண்ணாடியிலும் உள்தகடுகளிலும் நீர் பூக்கும். பிறகு துருப்பிடிக்கும். வெளியிலேயே பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டி உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். கட்டையை அடுப்பு மேட்டில் சூடாக்காதீர்கள். கசியும், வெடிக்கவும் கூடும். உடம்புச் சூடு போதும்.

தகடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துவிடுங்கள். அல்கலைன் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

18650 என்னும் லித்தியம் அயான் கட்டை (18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம்) வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்: உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதைச் சார்ஜில் போடக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், கட்டைக்கு நிரந்தரக் கேடு, ஆபத்தும்கூட. குளிரில் எரிப்பது வேறு, சார்ஜ் செய்வது வேறு. வீட்டுக்குள் நன்றாக வெதுவெதுப்பான பிறகு போடுங்கள்.

பின்னர் சேர்த்தது

குளிரில் கெடுகிறதென்றால் வாங்கிய கட்டைகளை ஃபிரிட்ஜில் வைப்பது ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். குளிர் கட்டையின் சேமிப்பைக் குடிப்பதில்லை, அதைக் கொடுக்கவிடாமல்தான் தடுக்கிறது. சும்மா இருக்கும் கட்டை குளிரில் மெதுவாகவே தீரும். ஆனாலும் ஃபிரிட்ஜ் வேண்டாம், ஈரம் படியும். அலமாரியே நல்லது.

இன்னொன்று என் விளக்கத்தில் இருந்த குறை. நான் "லித்தியம்" என்று மட்டும் எழுதியதைப் படித்து, போடிமெட்டுப் பக்கத்து நண்பர் ஒருவர் அதே ஏஏ அளவில் 3.7 வோல்ட் லித்தியம் அயான் கட்டை இரண்டு வாங்கி டார்ச்சில் போட்டுவிட்டார். அது முழு சார்ஜில் 4.2 வோல்ட். மூன்று வோல்ட் டார்ச்சுக்குள் எட்டு வோல்ட்டுக்கு மேல் போனதால் விளக்கு ஒரே நொடியில் கருகியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேலே 1.5 வோல்ட் என்பதைச் சேர்த்திருக்கிறேன். அளவு ஒன்றாக இருந்தாலும் கட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைக் கடையிலேயே படித்துவிடுங்கள். பரணில், இருட்டில் அது தெரியாது.