கன்றுக்கு வெள்ளை அடிக்காதீர்கள்

போன மாதம் ஈரோட்டில், படக்கதை வரையப் பழகுகிறவர்களோடு ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றை வரையச் சொன்னேன். 12 தாளில் 9 தாளில், 15 வருஷத்துக்கு முன் நான் செய்த தப்புகள் அப்படியே வந்து நின்றன. பனைமரத்தில் தேங்காய் தொங்குவதையெல்லாம் விடுங்கள். அதைப் பக்கத்து வீட்டுப் பையனே சொல்லிவிடுவான்.

கன்று

இதைத்தான் விட முடியவில்லை. தாய் வெள்ளை, அதனால் கன்றும் வெள்ளை. என் முதல் புத்தகத்தின் நடுப்பக்கம் முழுக்க இப்படித்தான். 1000 பிரதி அச்சாகி வந்ததும், காங்கயம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெருமையாக விரித்துக் காட்டினேன். மூன்றாவது படிக்கும் பெண் ஒருத்தி உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், இந்தக் கன்னு வேற மாட்டோடதுங்களா?" என்றாள்.

காங்கயம் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாத வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையாக வளர்ந்தால் திமிலும் முன்னும் பின்னும் கறுக்கும். காயடித்த எருதுக்கு அந்தக் கறுப்பு நிற்காது. இது அந்த ஊரில் மூன்றாம் வகுப்புப் பாடம், எனக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடித்து ஒட்டிய செலவு, வரைந்ததற்கு வாங்கிய கூலியைத் தாண்டியது. இன்றும் வெள்ளைக் கன்றைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அதே படத்தில் குடம் நிறையப் பால் வேறு கறந்திருந்தேன். காங்கயம் இழுவை மாடு. நாளைக்கு இரண்டு லிட்டர் கிடைத்தால் பெரிசு. சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது சீமை மாட்டை நம்பி. கைப்பேசியில் படம் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு நாள் விடியற்காலையில் பட்டியில் போய் நில்லுங்கள்.

பச்சை

எல்லா ஊருக்கும் பச்சை வயலையே வரைந்துவிடாதீர்கள். கோபிப் பக்கம் என்றால் நெல் சரி, கொடிவேரி அணைத் தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறது. தாராபுரம், மூலனூர்ப் பக்கம் மழைமறைவு, அங்கே கொறங்காடு, அதாவது மாடு மேய்கிற மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல், சுற்றிலும் கிளுவை வேலி. பழுப்பு வண்ணம் நிறைய வாங்கி வையுங்கள். அப்புறம், காற்றாலை. கண்ணெதிரே சுற்றுகிறது, ஏனோ ஒருவரும் வரைவதில்லை.

கவலை

அந்தக் காலத்தில் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தது கவலை. அந்த மாடு செக்குமாடு மாதிரி கிணற்றைச் சுற்றாது. சரிவில் இறங்கும், திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து ஏறும்.

பாட்டி

கொங்குப் பேச்சில் அம்மாவைப் பெற்றவள் பாட்டி இல்லை, அம்முச்சி.

அமைதியான கிராமம்

சோமனூர், பல்லடம் பக்கத்துக் கதையில் இப்படி எழுதாதீர்கள். விசைத்தறி டக்கு டக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் அங்கே தொட்டில் குழந்தை முழித்துக்கொள்ளும்.