நாற்பது விநாடி முன்னுரை: பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மதுரைக்கு அருகிலுள்ள ஒரு கிராம நூலகத்தில், பிள்ளைகள் நடத்தவிருக்கும் பாட்காஸ்டுக்கு, அதாவது இணையத்தில் வெளியாகும் ஒலித்தொடருக்கு, முன்னுரை பதிவு செய்த இரண்டு இளம் தன்னார்வலர்களுடன் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். அவர்களின் உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் பத்து ஆண்டுகளுக்கு முன் சமுதாய வானொலியில் நான் செய்த பிழைகளை ஏறத்தாழ அதே வரிசையில் அவர்களும் செய்தார்கள். பதிவுப் பொத்தானை அழுத்த மறப்பது, பாதியில் சார்ஜ் தீர்ந்துபோவது போன்றவற்றை ஒருமுறை பட்டதும் எவரும் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். செய்கிறோம் என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தொடரும் தவறுகள் வேறு.

எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்வது

அன்று ஒன்பது வயதுப் பையன் ஒருவனிடம் தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். ‘அன்பார்ந்த நேயர்களே, அனைவருக்கும் எங்கள் இனிய வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று அது தொடங்கியது. அவன் முதலில் கேட்டது, ‘நேயர்னா யாரு அக்கா?’ என்றுதான். அந்தக் கேள்வி வந்தவுடன் தாளை மடித்து வைத்திருக்க வேண்டும். அவர்களோ பொருளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பதினான்கு முறை வாசிக்க வைத்தார்கள்.

இந்தத் தவறு மட்டும் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஏனென்றால் பிள்ளையிடம் எந்தக் குறையும் இல்லாதபோது, குறை பிள்ளையுடையது என்று எல்லோரையும், பிள்ளையையும் சேர்த்து, நம்பவைத்துவிடுகிறது. தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறு வேறு. ‘பேசப்போகிறோம்’ என்று எழுதுகிறோம். ‘பேசப்போறோம்’ என்று சொல்கிறோம். பேச்சில் ‘மரம்’ என்ற சொல்லின் கடைசி மெய் மூக்கொலியாகக் கரைந்துவிடும். தாளைப் பார்க்கும் பிள்ளையோ உதட்டை மூடி அதை அழுத்தி உச்சரிக்கும். எழுத்து வழக்கைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வது பெரும்பாலும் பள்ளியில் பாடம் ஒப்பிக்கும்போதுதான் என்பதால், தாளைக் கையில் எடுத்த நொடியில் அந்த ஒப்பிக்கும் ராகமும் கூடவே வந்துவிடுகிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறது. நாம் ‘இயல்பாகப் பேசு’ என்கிறோம். வாய்ப்பாடு சொல்லும் ராகத்தில் இயல்பாகப் பேசுவது எப்படி என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

பெரியவர்கள் ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ‘ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்ற அறிவிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், அவர்களிடம் கற்றவர்களுக்கும், வானொலித் தமிழ் என்றால் அந்தக் கம்பீரமான எழுத்துத் தமிழ்தான். அதை உயிரோடு வாசிப்பது பல ஆண்டுப் பயிற்சியில் கைவந்த தொழில்திறன் என்பதை மறந்துவிட்டு, நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் அதை ஒரு காலைப் பொழுதில் எதிர்பார்க்கிறோம்.

நானும் அதையே எதிர்பார்த்தேன். கண்மாய்க்கரை ஊர் ஒன்றில், நீர்ப்பறவைகளைப் பற்றிய தொடருக்குப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி முன்னுரை சொல்ல வேண்டியிருந்தது. கரையில் நடந்து வரும்போது, ‘முக்குளிப்பான் இங்க முங்கும்க்கா, ஆனா எங்க எந்திரிக்கும்னு நம்மளால சொல்லவே முடியாது’ என்று தண்ணீரைக் காட்டிச் சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டே போய், ‘நீர்நிலைகளில் வாழும் பறவையினங்கள் குறித்த அரிய தகவல்களை வழங்கவிருக்கிறோம்’ என்று எழுதி அவளிடம் நீட்டினேன். பிழையில்லாமல் வாசிக்கும் வரை விடவில்லை. ஒலிபரப்பான அன்று அவளுடைய பாட்டி வானொலிக்கு முன்னால் உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டு, ‘நம்ம பிள்ள எப்பப் பேசும்?’ என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து சிறுமி பதிவுக்கு வரவில்லை. தனக்குப் பேச வராது என்று சொல்லி அனுப்பினாள். மீதமிருந்த ஐந்து பகுதிகளையும் பெரியவர்களின் குரலில் முடித்தோம். கண்மாயைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகம் அறிந்தவள் அவள்தான்.

அதன் பிறகு நான் பிள்ளைகளுக்கு ஒரு வரிகூட எழுதிக் கொடுப்பதில்லை. முதலில் ஒலிவாங்கி இல்லாமல் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கிறேன்: நீ யார், எதைப் பற்றிப் பேசப்போகிறாய், அதில் உனக்கு எது பிடிக்கும். பிள்ளை சொல்வதை அதன் வாய்மொழியிலேயே குறித்துக்கொண்டு, ஒரு துண்டுச்சீட்டில் மூன்று அல்லது நான்கு சொற்களை மட்டும் எழுதி வைக்கிறேன். பிறகு அந்தத் தொடரை இதுவரை கேட்காத இன்னொரு பிள்ளையை எதிரே உட்காரவைத்து, அவனிடம் சொல்லச் சொல்கிறேன். எதிரே முகம் இருந்தால் குரல் தானாகவே இறங்கி வரும். நாற்பது விநாடிக்கு அறுபது, எழுபது சொற்கள் போதும். அதற்குமேல் போனால் அவசரம் தொற்றிக்கொள்ளும். ஏதாவது ஒரு சொல் மறந்தால் பிள்ளை வேறு சொல்லைப் போட்டுக்கொள்ளும். மனப்பாடம் செய்த வரியில் ஒரு சொல் விட்டுப்போனால் அத்தனையும் நின்றுவிடும்.

ழகரத்தைத் திருத்துவது

‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று சொன்ன சிறுமியை அன்று நான்கு முறை நிறுத்தினார்கள். ஐந்தாவது முறை அவள் அந்தச் சொல் வருவதற்கு முன்னாலேயே தயங்கினாள். பதிவில் அந்தத் தயக்கம்தான் கேட்டது. ழகரம் கற்றுக்கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு வேறொரு நாள் ஒதுக்கலாம். பதிவு நாளில் நெல்லைப் பிள்ளை நெல்லைத் தமிழிலும் கோவைப் பிள்ளை கோவைத் தமிழிலும் பேசட்டும்.

கருவியைப் பிள்ளையின் கையில் கொடுப்பது

கைபேசியைக் கையில் பிடித்திருந்தால் விரல் நகரும் ஒவ்வொரு உரசலும் பதிவாகும். நான்கைந்து புத்தகங்களை அடுக்கி, மேலே துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் வையுங்கள். வாய்க்கும் கருவிக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் போதும். வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக்காற்று நேரடியாக மோதாது. சோதனைக்கு ‘ஹலோ, ஹலோ’ சொல்லச் சொல்வதில் பயனில்லை. பிள்ளைகள் அதை மெதுவாகச் சொல்லிவிட்டு, உண்மையான பதிவில் ‘வணக்கம்!’ என்று கூவுவார்கள். அந்தக் கூவலையே சோதனையாகச் சொல்லவைத்து, பதிவுச் செயலியில் தெரியும் ஒலியளவுக் காட்டி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் வெட்டுப்பட்டுச் சிதைந்த ஒலியைப் பழையபடி மீட்க முடியாது.

மின்விசிறி

நிறுத்திவிடுங்கள்.

காலி வகுப்பறை

சிமெண்ட் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும். புத்தக அலமாரிகளுக்கு நடுவிலோ, மெத்தையும் துணிகளும் நிறைந்த படுக்கையறையிலோ உட்காரவையுங்கள்.

சினிமாப் பாட்டு

வேண்டாம். சில விநாடிகள் மட்டும் எடுத்துக்கொண்டால் குற்றமில்லை என்று பலர் நம்புகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கு இல்லை. பிள்ளைகளே மேசையில் தாளம் போடட்டும்.

பெயர், பள்ளி, தெரு

‘என் பெயர் இன்னது, இன்ன பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கிறேன், இன்ன தெருவில் இருக்கிறேன்’ என்று அறிமுகம் செய்துகொள்ளும் பழக்கம் பள்ளி மேடைக்குப் பொருந்தும். அங்கே கேட்பவர்கள் ஊர்க்காரர்கள். இணையத்தில் கேட்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஒரு பிள்ளை எங்கே எப்போது இருக்கும் என்பதை அந்த மூன்று விவரங்களே சொல்லிவிடும். செல்லப்பெயரும் வயதும் போதும். பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் பதிவைத் தொடங்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகள் என்றே வகைப்படுத்தி, அவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பின்னாளில் ‘என் பிள்ளையின் குரலை எடுத்துவிடுங்கள்’ என்று ஒரு தாய் கேட்டால் உடனே எடுத்துவிடுவோம் என்ற உறுதியையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

‘இன்னும் ஒரே ஒரு தடவை’

மூன்று முறைக்கு மேல் கேட்காதீர்கள். நான்காவது முறை நன்றாக வந்ததாக என் அனுபவத்தில் இல்லை. மூன்றிலும் திருப்தி இல்லையென்றால் பிள்ளையை விளையாட அனுப்பிவிட்டு, மறுநாள் வேறு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் நின்று உதட்டை அசைத்துக் காட்டும் அம்மாவையும் அப்பாவையும் அன்போடு வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்புவது

அனுப்பும்போதே அது ஒலியைச் சுருக்கிவிடுகிறது. கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவிலுள்ள மூலப் பதிவை, வெட்டி ஒட்டிய பிறகும் அழிக்காதீர்கள். முடிந்த முன்னுரையின் பிரதி ஒன்றை, வெளியிடுவதற்கு முன்பே, பிள்ளையின் வீட்டில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பாட்டி இருந்தால் அவருக்கு முதலில்.