மழலையோடு மாறி மாறிப் பேசுதல்: சிறு குழந்தையின் சொல்வளத்தை வீட்டிலேயே வளர்க்கும் முறை

குழந்தைக்குச் சொற்களைக் கற்றுக்கொடுக்க விரும்பும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் செய்வது தேர்வு நடத்துவதுதான். படத்தைக் காட்டி "இது என்ன, சொல்லு பார்ப்போம்" என்கிறார்கள்; வீட்டுக்கு யாராவது வந்தால் தெரிந்த சொற்களையெல்லாம் ஒப்பிக்கச் செய்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்த சொல்லை வெளியே வரவழைக்க இது உதவலாம். ஆனால், தெரியாத சொல்லைக் குழந்தையின் மனத்தில் பதியவைக்க இது போதாது. அதற்குக் குழந்தையும் பெரியவரும் ஒரே பொருளைக் கவனித்தபடி மாறி மாறிப் பேச வேண்டும். நான்கு முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் பேசிய சொற்களின் எண்ணிக்கையைவிடக் குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய தடவைகளே மூளையின் மொழிப் பகுதி செயல்படும் விதத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன.

இந்த மாறி மாறிப் பேசுதலைக் குழந்தை சொல் எதுவும் பேசாத காலத்திலேயே தொடங்கிவிடலாம். பிறந்த குழந்தையால் தாயின் குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்தறிய முடியும். ஆறேழு மாதத்தில் அது "பாபாபா" என்று ஒலி எழுப்பும்போது, அதையே ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டு, "அப்படியா? அப்புறம்?" என்று முகம் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு, அதன் அடுத்த ஒலிக்காகக் காத்திருங்கள். குரலைச் சற்று உயர்த்தி, உயிரொலிகளை நீட்டி, ஏற்ற இறக்கத்தோடு கொஞ்சிப் பேசுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அப்படிப் பேசும்போதுதான் குழந்தை கூர்ந்து கேட்கிறது. சொற்களைச் சிதைத்துப் பேசுவது வேறு, அதற்குத் தேவையில்லை.

அடுத்தது, குழந்தையின் பார்வையைப் பின்தொடர்வது. நீங்கள் புத்தகத்தில் உள்ள யானையைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குழந்தையோ மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய சொல் மின்விசிறிதான். குழந்தை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் சொன்னால் அது எளிதில் பதிகிறது என்பதையும், கவனத்தை வேறு பக்கம் திருப்பிச் சொல்லும் பெயர் அந்த அளவுக்குப் பதிவதில்லை என்பதையும் டொமசெல்லோ, ஃபரார் ஆகிய இருவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஏறத்தாழ ஒரு வயதில் குழந்தை விரலை நீட்டிச் சுட்டத் தொடங்கியதும் இந்த வேலை இன்னும் எளிதாகிவிடும். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

பெயர்ச்சொற்களோடு நின்றுவிடுவது பெரியவர்கள் செய்யும் பொதுவான பிழை. விலங்குகள், பழங்கள், நிறங்கள் என்று அட்டைகளில் அச்சிடப்படுபவை பெரும்பாலும் பெயர்களே. வாக்கியத்தைக் கட்டுவதோ வினைச்சொல். தமிழ் இதில் வாரி வழங்கும் மொழி. குழந்தையைக் குளிப்பாட்டும் பத்து நிமிடத்தில் தண்ணீர் சொட்டுகிறது, தெறிக்கிறது, வழிகிறது, ததும்புகிறது, சிந்துகிறது. துணி மடிக்கும்போது உதறுகிறோம், நீவுகிறோம், சுருட்டுகிறோம், அடுக்குகிறோம். எல்லாவற்றுக்கும் "ஊத்து", "போடு" என்ற இரண்டையே பயன்படுத்தாமல், நடக்கும் செயலுக்கு உரிய வினையைச் செயல் நடக்கும் அந்த நொடியிலேயே சொல்ல வேண்டும். ஒரு சொல்லை ஒருமுறை சொன்னால் போதாது. இன்று வாளியில் ததும்பிய தண்ணீர், நாளை டம்ளரில் ததும்பும் பால், பிறகொரு நாள் கண்ணில் ததும்பும் கண்ணீர் என்று வெவ்வேறு இடங்களில் கேட்கும்போதுதான் அதன் பொருள் குழந்தைக்கு முழுமையாகப் பிடிபடும். சலசல, மடமட, கிடுகிடு போன்ற இரட்டைக்கிளவிகளையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசைக்காகவே குழந்தைகள் அவற்றைத் திரும்பச் சொல்லும்.

சொல்லி முடித்ததும் காத்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் கடைப்பிடிக்க மிகக் கடினமானது இதுவே என்பது என் கருத்து. சிறு குழந்தை கேட்டதைப் புரிந்துகொண்டு, விடையைத் தேடி, வாயை அசைப்பதற்குள் பெரியவர்கள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணிப் பாருங்கள். எட்டை எண்ணும்போதே ஒரு பதில் வருவதைக் கண்டு நீங்களே வியப்பீர்கள். "வேணுமா?" என்ற கேள்விக்குத் தலையசைப்பே போதும் என்பதால், "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்லும்படி கேட்பது நல்லது.

குழந்தை தவறாகச் சொன்னால் நிறுத்தித் திருத்த வேண்டாம். "லாலி போச்சு" என்று அது சொன்னால், "லாலி இல்லை, லாரி, எங்கே, மறுபடி சொல்லு" என்பதைவிட, "ஆமா, பெரிய லாரி போச்சு, சத்தம் போட்டுக்கிட்டே போச்சு" என்று பதில் சொல்லுங்கள். சரியான ஒலிப்பும் அதன் காதில் விழுகிறது, அதன் வாக்கியத்தோடு இரண்டு மூன்று புதிய சொற்களும் சேர்கின்றன, பேச்சும் அறுபடுவதில்லை. ரகரம், றகரம், ழகரம் போன்றவை நாவுக்குத் தாமதமாகவே வசப்படும். நீங்களே "லாலி" என்று சொல்லிப் பார்த்தால் குழந்தை கோபத்தோடு மறுப்பதும் உண்டு. அதன் காதுக்குச் சரியான ஒலி தெரிந்திருக்கும், நாக்குத்தான் இன்னும் பழகியிருக்காது. நான்கு கால் உள்ள எல்லாவற்றையும் நாய் என்று சொல்வதும் இப்படிப்பட்டதே. "ஆமா, நாய் மாதிரியே இருக்கு, இது ஆடு, கொம்பு பாரு" என்றால் போதும்.

புத்தகத்தைப் பொறுத்தவரை, தமிழ் வாசிக்கும் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நாம் பேசும் தமிழ் ஒன்று, அச்சிலுள்ள தமிழ் வேறொன்று. "முயல் வேகமாக ஓடியது" என்ற வாக்கியம் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கிட்டத்தட்ட அயல்மொழிபோல ஒலிக்கக்கூடும். ஆகவே முதலில் படத்தைக் காட்டிக் கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள்; கதை பழகிய பிறகு அச்சிலுள்ளபடி வாசித்து, உடனே "முயல் வேகமா ஓடிச்சு" என்று பேச்சு வடிவத்தையும் சொல்லுங்கள். மூன்று வயதுக்குப் பிறகு எழுத்து நடையை மட்டுமே வாசித்தாலும் குழந்தை பின்தொடரத் தொடங்கும். பின்னாளில் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது அந்த நடை அதற்குப் புதியதாக இராது. வாசிப்பைப் பேச்சாக மாற்றுவதன் பயனை வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் சோதித்துக் காட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் இருந்த குழந்தைகளின் பெற்றோர், வாசிக்கும்போது இடையிடையே நிறுத்தித் திறந்த கேள்விகள் கேட்கவும், குழந்தையின் பதிலை விரித்துச் சொல்லவும் பழக்கப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல் வாசிக்கப்பட்ட குழந்தைகளின் பேச்சைவிட முன்னேறியிருந்தது. அதே புத்தகத்தை இருபதாவது தடவையாகக் கேட்கிறதா? வாசியுங்கள். சலிப்பு உங்களுக்குத்தான்.

மூன்று வயதுக்கு மேல், கண்முன் இல்லாதவற்றைப் பற்றிப் பேசுங்கள்: காலையில் பார்த்தது, நாளை போகப்போவது, பொம்மை ஏன் உடைந்தது என்பன போன்றவை. கண்முன் உள்ளதைச் சொல்லக் குழந்தை அதைச் சுட்டிக்காட்டினாலே போதும். இல்லாததைச் சொல்வதற்கோ "முதலில்", "அதனால்", "ஒருவேளை" போன்ற சொற்கள் குழந்தைக்குத் தேவைப்படும்.

திரையைப் பற்றிச் சுருக்கமாக. 2003-இல் பட்ரிசியா கூல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் ஒருவர் பேசக் கேட்டபோது சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன; அதே பேச்சைக் காணொளியில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும் வீட்டுப் பேச்சைக் குறைத்துவிடும்; அதை அணைத்துவிடுங்கள்.

இரண்டு மொழிகள் புழங்கும் வீட்டில், எந்த மொழி உங்கள் நாவில் தடையின்றி வருகிறதோ அந்த மொழியிலேயே குழந்தையிடம் பேசுங்கள். இருமொழிச் சூழலால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. சொற்களைக் கணக்கிடும்போது மட்டும் இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

குழந்தைக்குக் குழந்தை வேகம் மாறும் என்பது உண்மையே. ஆயினும் பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலிகளோ, கையசைத்தல், சுட்டுதல் போன்ற சைகைகளோ இல்லாவிட்டாலும், பதினாறு மாதத்தில் ஒற்றைச் சொற்கள்கூட வராவிட்டாலும், இரண்டு வயதில் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாவிட்டாலும், எந்த வயதிலும் பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்தாலும், "போகப்போகப் பேசும்" என்ற ஆறுதலை நம்பிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதலில் செவித்திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். நடுக்காதில் தங்கும் நீர்கூட ஒலியை மங்கச் செய்துவிடும். போகும்போது குழந்தைக்குத் தெரிந்த சொற்களின் பட்டியலையும், அது வீட்டில் விளையாடியபடி பேசும் ஓரிரு நிமிடக் காணொளியையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை.