பழக்கத்தை மாத்தறது: ஒரேயடியா வெட்டறதா, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறதா?

இந்த கேள்விய யார்கிட்ட கேட்டாலும் "அது ஆளைப் பொறுத்தது"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. என் அனுபவத்துல ஆளை விட பழக்கத்தைப் பொறுத்ததுதான் அதிகம். ஒரே ஆள் நான்தான், ஒரு பழக்கத்தை ஒரே ராத்திரில விட்டேன், இன்னொண்ணை படிப்படியா இறக்கினாத்தான் முடிஞ்சுது, மூணாவதுல அவசரப்பட்டு காலை கெடுத்துக்கிட்டு மூணு வாரம் உக்காந்தேன். அதனால முதல்ல கையில இருக்கற பழக்கம் எந்த வகைன்னு பாருங்க, வழி அப்புறம்.

முதல் கேள்வி, ஒண்ணை விடப்போறீங்களா இல்ல புதுசா ஒண்ணை சேக்கப்போறீங்களா. விடறதுன்னா இன்னொரு கேள்வியும் இருக்கு, அதுல "கொஞ்சம்"னு ஒண்ணு உங்களுக்கு சாத்தியமா?

எனக்கு படுக்கைல போன் பாக்கற பழக்கம். ஒரு மணி நேரம் பாக்கறேன், தினம் 10 நிமிஷம் குறைச்சா ஒரு வாரத்துல முடிஞ்சுதுன்னு கணக்கு போட்டேன், பேப்பர்ல ரொம்ப அழகா இருந்துச்சு. நடந்தது என்னன்னா டைமர் அடிக்கும், அடிச்ச உடனே உள்ள ஒரு பேரம் ஆரம்பிக்கும், இந்த வீடியோ மட்டும் முடியட்டும், நாளைக்கு சேத்து 20 நிமிஷம் குறைச்சிக்கலாம், இன்னிக்கு வேலை ஜாஸ்தி இல்லயா பாவம்னு, டைமரை அமுக்கின அதே கட்டை விரல்தான் அடுத்த வீடியோவையும் மேல தள்ளும். எட்டாவது நாள் பாத்தா 70 நிமிஷம் ஓடியிருக்கு! அப்புறம்தான் சார்ஜரை புடுங்கிட்டு போய் ஹால்ல சோஃபாவுக்கு பின்னாடி இருக்கற பிளக்ல மாட்டினேன், அலாரத்துக்கு தனியா ஒரு சின்ன கடிகாரம். மூணு ராத்திரி கை தானா தலகாணிக்கு அடியில தடவுச்சு, நாலாவது ராத்திரி தடவல. பேரம் பேச எதிர்ல ஆளே இல்லைல்ல.

ஒண்ணு தொட்டா அடுத்ததை இழுக்கற பழக்கம் எல்லாமே இந்த வகைதான், கேம், சூதாட்டம், ஆன்லைன்ல சும்மா பாக்கறேன்னு போய் எதையாவது வாங்கறது. இதையெல்லாம் குறைக்கணும்னா தினம் ஒரு சண்டை போடணும், வெட்டினா ஒரு பெரிய சண்டையோட போச்சு.

சிகரெட் பத்தி ஆய்வே இருக்கு. இங்கிலாந்துல 697 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதியை குறிச்ச தேதில ஒரேயடியா நிறுத்த சொன்னாங்க, இன்னொரு பாதி ரெண்டு வாரம் படிப்படியா குறைச்சிட்டு அப்புறம் நிறுத்தணும், 2016-ல முடிவு வந்துச்சு. நாலு வாரம் கழிச்சு ஒரேயடியா விட்டவங்கள்ல 49 சதவீதம் பேர் தாக்குப்பிடிச்சாங்க, மெதுவா விட்டவங்கள்ல 39 சதவீதம். ஆறு மாசத்துல அது 22, 15.5. தோல்ல ஒட்டற நிக்கோட்டின் பேட்ச், ஆலோசனை எல்லாம் ரெண்டு பக்கமும் குடுத்தும் இதுதான் நிலைமைங்கறதை மறந்துடாதீங்க, வெறும் மன உறுதில விடறேன்னு கிளம்பறவங்களுக்காக சொல்றேன். இதுல எனக்கு சுவாரஸ்யமா பட்டது என்னன்னா, மெதுவா விடறதுதான் எனக்கு புடிக்கும்னு ஆரம்பத்துலயே சொன்னவங்க எந்த குழுல விழுந்தாலும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருந்தாங்க. "மெதுவா"ங்கற வார்த்தைக்குள்ள சில நேரம் "இப்ப வேணாமே"ன்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கோ என்னமோ. ஆனா அதுக்கப்புறம் நிறைய ஆய்வுகளை மொத்தமா சேத்து அலசினப்ப ரெண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் தெளிவா தெரியல, அதனால ஏற்கனவே குறைச்சிக்கிட்டு வர்றவங்க பயப்பட வேணாம், முழுசா நிறுத்தற தேதி ஒண்ணு மட்டும் கட்டாயம் இருக்கணும்.

இப்ப முக்கியமான விஷயம், இதை மட்டும் வேகமா தாண்டி போயிடாதீங்க. தினமும் அதிகமா குடிக்கறவங்க, தூக்கத்துக்கோ பதட்டத்துக்கோ ரொம்ப நாளா மாத்திரை எடுத்துக்கறவங்க, வீராப்புல ஒரே நாள்ல நிறுத்தவே கூடாது. வலிப்பு வரலாம், நினைவு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம், குடியைப் பொறுத்தவரைக்கும் இது நிறுத்தின முதல் சில நாளுக்குள்ளயே வரலாம். எப்படி விடணும், எவ்வளவு வேகத்துல விடணும்னு டாக்டர்தான் சொல்லணும்.

காபி அவ்வளவு ஆபத்து இல்ல, ஆனா அதுவும் உடம்பு சம்பந்தப்பட்டதுதான். ஒரு சனிக்கிழமை காலைல நாலு கப்பையும் அப்படியே நிறுத்தினேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கண்ணுக்கு பின்னாடி ஒரு தலைவலி, ஜன்னல் வெளிச்சமே ஆகல, வீட்ல யார் பேசினாலும் எரிஞ்சு விழுந்தேன், திங்கக்கிழமை காலைல மறுபடி குடிச்சிட்டேன், அரை மணில தலைவலி காணோம். நிறுத்தின 12-ல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள இது ஆரம்பிக்கும், ரெண்டாவது நாள் உச்சத்துக்கு போகும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலயும் இழுக்கும். அடுத்த தடவை மூணு நாளைக்கு ஒரு அரை கப்னு குறைச்சேன், தலைவலியே வரல. உப்பு, சர்க்கரை கூட மெதுவா குறைக்கற வகைதான், சில வாரம் போனா நாக்கு பழகிடும்.

சேக்கற பழக்கம் வேற கதை. இங்க எனக்கு புடிச்ச வழி ரெண்டையும் கலக்கறது: எத்தனை நாள்ங்கறதை ஒரேயடியா மாத்துங்க, எவ்வளவுங்கறதை மெதுவா ஏத்துங்க. ஓட ஆரம்பிச்சப்ப நான் முதல் நாளே அஞ்சு கிலோமீட்டர் ஓடினேன், மூச்சு தாங்குது, சந்தோஷம் தாங்கல, மூணாவது வாரம் கணுக்காலுக்கு மேல எலும்போரமா சுருக்குனு ஒரு வலி, படி இறங்க முடியல. மூச்சும் தசையும் சீக்கிரம் தேறிடும், தசைநாரும் எலும்பும் அந்த வேகத்துக்கு வராது, இது அப்ப எனக்கு தெரியல. சரியான வழி என்னன்னா ஷூ மாட்டிட்டு வெளிய இறங்கறது முதல் நாள்ல இருந்தே, குறிச்ச நாள்ல, குறிச்ச நேரத்துல, அதுல சமரசமே இல்ல, ஆனா போனதும் பத்து நிமிஷம் நடந்துட்டு திரும்பிடணும். இவ்வளவுதானான்னு உங்களுக்கே சிரிப்பு வரணும், அப்பதான் அளவு சரி. சீக்கிரம் எழுந்துக்கறதும் இப்படித்தான், தினமும் ஒரே நேரம்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டு அந்த நேரத்தை ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னாடி நகத்துங்க.

21 நாள்ல பழகிடும்னு ஒரு கணக்கு சுத்துதே, அது 1960-ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதினதுல இருந்து வந்தது. ஆபரேஷன் ஆனவங்க புது முகத்துக்கு பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு அவர் கவனிச்சிருக்கார், வாய்க்கு வாய் வந்ததுல "குறைஞ்சது" உதிர்ந்து போச்சு. லண்டன்ல 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பாத்த ஆய்வுல ஒரு செயல் யோசிக்காம நடக்கற அளவுக்கு வர சராசரியா 66 நாள் ஆச்சு, ஆளுக்கும் செயலுக்கும் தகுந்த மாதிரி 18-ல இருந்து 254 நாள் வரைக்கும் (12 வாரத்தைத் தாண்டினதெல்லாம் அவங்க கணக்கு போட்டு மதிப்பிட்டது). தண்ணி குடிக்கற மாதிரி சின்ன விஷயம் சீக்கிரம் ஒட்டிக்கிச்சு, உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆச்சு, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனது பெருசா எதையும் கெடுக்கல.

சரி, செய்யறது எப்படி. வெட்டப்போறீங்கன்னா ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு தேதி குறிங்க, அதுக்கு மேல தள்ளினா அது வராது. முந்தின ராத்திரியே பொருளை அப்புறப்படுத்துங்க, ஆப்பை அழிங்க, மிச்சம் இருக்கறதை தூக்கி போடுங்க, "அவசரத்துக்கு ஒண்ணு"ன்னு டிராயர்ல வைக்காதீங்க. எந்தெந்த நேரத்துல கை பரபரக்கும்னு உங்களுக்கே தெரியும், அந்த நேரத்துக்கு பதிலா என்னன்னு ஒரு வரி எழுதுங்க, சாப்பிட்டு முடிச்சதும் சிகரெட் தேடுச்சுன்னா உடனே எழுந்து பல் தேய்ப்பேன், இந்த மாதிரி, பொதுவா "கட்டுப்படுத்திப்பேன்"னு எழுதினா அது நேரத்துக்கு உதவாது. முதல் மூணு நாள்தான் ரொம்ப படுத்தும், ஆபீஸ்ல ஏதாவது பெருசா முடிக்க வேண்டிய வாரத்துல அதை வச்சுக்காதீங்க.

குறைக்கப்போறீங்கன்னா படிகளை நம்பரா எழுதுங்க, கடைசி படில தேதி போடுங்க. ஒரு படில கஷ்டமா இருந்தா அங்கயே இன்னும் கொஞ்ச நாள் நில்லுங்க, மேல மட்டும் ஏறாதீங்க. ஒரே படில மூணாவது தடவையும் நிக்கறீங்கன்னா இந்த பழக்கத்துக்கு இந்த வழி சரியில்லன்னு அர்த்தம், வெட்டற பக்கம் யோசிங்க.

நடுவுல சறுக்கினா அன்னிக்கு கணக்கை அன்னிக்கே முடிங்க. ஒண்ணு அடிச்சதை விட "அதான் போச்சே"ன்னு மிச்ச பாக்கெட்டையும் காலி பண்றதுதான் ஆளை கவுக்கும், என் ஃப்ரெண்ட் ஒருத்தன் நாலு மாசம் விட்டதை ஒரே ஒரு சாயங்காலத்துல இப்படித்தான் தொலைச்சான்.

இன்னொண்ணு, மெதுவா குறைக்கறவங்க கடைசி படில மாட்டிப்பாங்க. என்னோட கடைசி அரை கப் காபி அஞ்சு வாரம் நகரவே இல்ல, நாலு கப் குடிச்சப்ப கூட அவ்வளவு ருசியா இருந்ததில்ல, காலைல எழுந்ததுல இருந்து அதைத்தான் நினைச்சிக்கிட்டு இருந்தேன். கால் கப் ஆக்கலாம்னு ரெண்டு தடவை பாத்தேன், முடியல. கடைசில ஒரு வியாழக்கிழமை போடவே இல்ல, கப்பை கழுவி மேல் தட்டுல கவுத்து வச்சிட்டேன். தலைவலிக்கு காத்திருந்தேன், வரல.